சொல்லாமல் ஓடிய தொண்ணூற்றைந்து

கணினி எவ்வளவு தாமதிக்கிறது என்று அளக்கும் மென்பொருளை எழுதியவன் எந்தக் கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்லை. அலுவலகத்தில் அவன் பெயர் ஆமை. அங்கே அந்த மென்பொருளுக்கு உதவிப் பக்கம் எழுதுபவள் ஒருத்தி இருந்தாள். கணினிக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டுக்கும், அதாவது தனித்தனியாக நடக்கும் ஒவ்வொரு வேலைக்கும், ஒரு முன்னுரிமை எண் உண்டு. பெரிய எண்ணுக்குத்தான் முதலில் வழி. அளக்கும் த்ரெட்டுக்கு எண் எதுவும் கொடுக்காவிட்டால் என்ன எண் என்ற இடம் மட்டும் பக்கத்தில் காலியாகக் கிடந்தது.

காலையிலிருந்து அவளுக்கு வேலையில் மனசில்லை. அண்ணன் அட்டை வெட்டும் தொழிற்சாலையில் இருக்கிறான். கேமராவால் அட்டையைப் பார்ப்பதும் கத்தியை இறக்குவதும் மெஷினில் இருக்கும் ஒரே கணினிதான். பெடலை மிதித்தால் கத்தி இறங்க வேண்டும். சில நேரம் பிந்தி இறங்கி அட்டை பாழாகிறது. டெக்னீஷியன் இதே மென்பொருளை ஓட்டிப் பார்த்து, மெஷினில் தாமதமே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்படியானால் தாமதம் அண்ணன் காலில். சாயங்காலம் விசாரணை. சீட்டு கிழிந்துவிடும் என்று ஷெட் முழுக்கப் பேச்சு.

"டேய் ஆமை, சும்மா ஓட்டினா என்ன முன்னுரிமை?"

"தொண்ணூத்தஞ்சு. கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் மேல. அதெல்லாம் யாரு படிக்கப் போறா?"

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, கத்திக்கு என்ன முன்னுரிமைன்னு டெக்னீஷியனைக் கேளு."

"அந்த ஆளோட நான் பேசுறதே இல்ல."

"ரோஷத்தை அப்புறம் பாத்துக்கலாம். கேளு."

கொஞ்ச நேரம் முணுமுணுப்பு. "கத்திக்கு அறுபதாம். கேமராவுக்கு எண்பது. அளக்கிறப்ப எதுவும் கொடுக்கலையாம்."

அவ்வளவுதான் விஷயம். கேமரா படத்தைப் பார்த்து முடிக்கும்வரை கத்தி காத்துக் கிடக்கிறது. அளக்க வந்ததோ கேமராவையும் தள்ளிவிட்டு வரிசையின் தலையில் போய் நின்றுகொண்டு, இங்கே கூட்டமே இல்லை என்று சொல்லியிருக்கிறது.

"அந்தத் தொண்ணூத்தஞ்சைக் குறைச்சிடேன்," என்றாள் ஆமையிடம்.

"குறைச்சா எல்லாரோட பழைய அளவும் நாறிடும். எழுதி வை, போதும்."

எழுதினாள்: 'எண் கொடுக்காவிட்டால் 95. அதற்குக் கீழே ஓடும் த்ரெட் படும் தாமதம் இதில் தெரியாது. எதைச் சந்தேகப்படுகிறீர்களோ அதன் எண்ணையே கொடுங்கள்.'

பக்கத்தை ஏற்றிவிட்டு மறுபடி போன். "அறுபது கொடுத்து ஓட்டச் சொல்லு. முரண்டு பிடிச்சா இந்தப் பக்கத்தைக் காட்டு."

டெக்னீஷியன் முரண்டு பிடித்தார், பக்கத்தைப் படித்தார், ஓட்டினார். தாமதம் கொட்டியது. விசாரணையை ரத்து செய்தார்கள். யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை.

"அப்ப என் கால்?" என்றான் அண்ணன்.

"நல்லாத்தான் இருக்கு."

"அண்ணிகிட்ட மட்டும் சொல்லிடாத. கால் சரியில்லன்னு சொல்லித்தான் கடைக்குப் போகாம ஓட்டிட்டிருக்கேன்."

அடுத்த போன் அண்ணிக்குப் போட்டாள்.