மடியில் ஒரு முட்டைக்கோஸ்

எங்கள் தெருவில் முட்டைக்கோசை அடைகாத்துப் பார்க்காமல் யாரும் நறுக்குவதில்லை. சைவக்காரர்களின் தெரு. பெயரிலேயே முட்டை இருக்கும்போது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வாணலியில் போட முடியாது. இரண்டு நாள் மடியில் வைத்திருந்தால் போதும். ஒன்றும் அசையாவிட்டால் பொரியல்.

என் வீட்டுக்காரர் ஆவுடையப்பனுக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்து அனுப்பியிருந்தார்கள். "கோஸ், காலிஃப்ளவர், முள்ளங்கி, நூக்கல் எல்லாம் ஒரே குடும்பம். நார்ச்சத்து நிறைய. இதயத்துக்கும் நல்லது, குடலுக்கும் நல்லது" என்றார் டாக்டரம்மா. உருளைக்கிழங்கு வறுவலைத் தவிர எந்தக் காயையும் தொடாத மனிதர் இவர். ஆனாலும் அன்றே ஒரு கோஸ் வாங்கி வந்தேன்.

ஓய்வில்தானே இருக்கிறார் என்று அடைகாக்கும் வேலையை அவரிடமே கொடுத்தேன். கோசைத் துண்டால் போர்த்திக்கொண்டு நாற்காலியில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தார். இரண்டாம் நாள் அரிவாள்மணையோடு போனேன்.

"அசையுது கோமு" என்றார்.

காதை வைத்துப் பார்த்தேன். அசையத்தான் செய்தது.

"இனி இதத் திங்கச் சொல்லாத. மடியில வச்ச பிள்ளைய எவனாவது திம்பானா?"

"நீங்க திங்காட்டா எனக்கு ஆரு இருக்கா?" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கோசைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மேல் இலையை மெல்ல உரித்து என்னிடம் நீட்டினார். "இது ஓடுதான? ஓடு திங்கலாம்."

கோசில் ஓட்டுக்கு அடியிலும் ஓடுதான். தினமும் கொஞ்சம் உரிந்து வந்தது. பாசிப்பருப்பும் தேங்காய்த் துருவலும் சேர்த்துச் செய்தேன். மனம் உறுத்தாமல் சாப்பிட்டார். முகம் தெளிந்தது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை. காலையில் கழிவறையிலிருந்து சிரித்த முகத்தோடு வந்தார்.

கடைசி ஓடு ஒரு வெள்ளிக்கிழமை விரிந்தது. உள்ளே குஞ்சு இல்லை, அதன் குரல் மட்டும் இருந்தது. அவர் உள்ளங்கையை நீட்டினார். 'கீச்' என்று ஏறிக்கொண்டது.

"குரல் சைவந்தான?" என்று கேட்டார். சைவம்தான் என்றேன்.

"ஒத்தப் பிள்ளையா இருக்கு, பாவம்" என்று குரலைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தானே கடைக்குப் போய் இரண்டு கோஸ் வாங்கி வந்தார். ஒன்றை என் மடியில் வைத்தார். வைத்ததும் அது தூங்கிவிட்டது. குறட்டை அப்படியே அவருடையதுதான். முந்தானையை இழுத்துப் போர்த்தினேன்.