ஹமானாசு பர்கர் பாட்டில் வந்த பெயர்கள்

1984 ஏப்ரல் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை மாலை ஐந்து ஐம்பத்தேழுக்கு, டிவியில் வானிலை அறிக்கைக்கு முன்னால் வரும் எங்கள் ஊர் ஹமானாசு பர்கர் கடை விளம்பரப் பாட்டு கோதேரா வீட்டு மருமகளின் பெயரைச் சொன்னது. மீன் பர்கர் ஒன்று, குளிர்ந்த காபி ஒன்று என்றும் சொன்னது. அன்று எங்கள் ஷிராவுரா மீன்துறையில் கானாங்கெளுத்தி விலை பெட்டிக்கு நாற்பது யென் இறங்கியிருந்தது. ஊர் முதலில் பேசியது அதைத்தான். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் பெயர் விஷயம் மீனை முந்திவிட்டது, ஏனென்றால் அந்த மருமகள் பல் வைத்தியரிடம் போவதாகத்தான் மாமியாரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

அதுவரை அது சாதாரணப் பாட்டு. பர்கரிலிருந்து ஆவி எழும். ஒரு பெண் குரல் "ஹமானாசு, ஹமானாசு, கடற்காற்றோடு ஒரு கடி" என்று பாடும். பதினைந்து விநாடியில் முடிந்துவிடும். பாடியது யார் என்று கடை முதலாளிக்கே தெரியாது. மறுநாளிலிருந்து பாட்டின் நடுவே பெயர்கள் வரலாயின, ராகம் கெடாமல், பதினைந்து விநாடியைத் தாண்டாமல். செவ்வாய்க்கிழமை மூன்று பேர். புதன்கிழமை இரண்டு பேர். அதில் ஒருவன் நான். பெரிய உருளைக்கிழங்கு வறுவல், மூன்று. வைத்தியர் எனக்கு எண்ணெய்ப் பண்டங்களை நிறுத்தி ஒரு மாதம் ஆகியிருந்தது. என் மனைவி டிவியிலிருந்து மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"மூணா?"

"ஒண்ணு சின்னதுதான்."

"பெருசுன்னுல்ல பாடுச்சு?"

கேசட்டில் பதிவு செய்து பார்த்தோம். பழைய பாட்டுதான் பதிவாயிற்று. தொலைக்காட்சி நிலையத்திலிருந்து வந்த பொறியாளர் எல்லாம் சரியாக இருப்பதாக எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஹமானாசில் சாப்பிட்டு விடுதிக்குப் போனார். மாலையில் தன் பெயரைக் கேட்டதும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டுக் கிளம்பினார். அதன்பின் எங்கள் கடிதங்களுக்கு நிலையம் பதில் போடவில்லை.

எங்கள் ஊரில் மொத்தம் அறுபத்து நான்கு வீடுகள். ஊர்ச் சங்கத்தின் அறிவிப்பைப் பலகையில் செருகி வீடு வீடாக அனுப்புவோம். படித்தவர் முத்திரை குத்தி அடுத்த வீட்டில் கொடுக்க வேண்டும். அறிவிப்பு எழுதும் செயலாளர் நான்தான். 'நாம் யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை' என்று நல்ல எண்ணத்தில் ஒரே பக்கத்தில் மூன்று முறை எழுதிவிட்டேன். அதுவரை சந்தேகம் தோன்றாதவர்களுக்கும் அன்றுதான் தோன்றியது. பலகையைக் கையில் கொடுத்து நாலு வார்த்தை பேசுவது நின்றது. வாசலில் வைத்துவிட்டு ஓடிவிட்டார்கள். ஹமானாசுக்குப் போகிறவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு போனார்கள். தொப்பியால் ஒரு பயனும் இல்லை.

"பாட்டுக்குக் கண்ணா இருக்கு, செயலாளரே? உள்ள இருந்து யாரோ சொல்றாங்க" என்றார் சங்கத் தலைவர் நமேகாவா. சோயாப் பால் கட்டியான தோஃபு விற்கும் கடைக்காரர். பர்கர் வந்துதான் ஊர் கெட்டது என்று பத்து வருடமாகச் சொல்லி வருபவர். பாட்டு பெயர் சொல்லத் தொடங்கிய வாரத்திலிருந்து அவர் இளைத்துக்கொண்டே வந்தார். பதவியின் பாரம் என்று நாங்கள் வருத்தப்பட்டோம்.

உள்ளே இருந்தது ஒரே ஒருத்திதான்: கல்லாவில் நிற்கும் மிசாவோ. ஒசாகாவிலிருந்து வந்து ஒன்பது வருடம் ஆகியும் வெளியூர்க்காரி. தனியாக இருப்பவள். அவள் செய்த குற்றம் நல்ல ஞாபகம். யாருக்கு வெங்காயம் ஆகாது, யார் காபியில் இரண்டு சர்க்கரை என்று கேட்காமலே எடுத்து வைப்பாள். முன்பு அதை மெச்சியவர்களே இப்போது, "எங்க நாக்கு எங்களைவிட உனக்குத்தான் நல்லாத் தெரியும்போல" என்று வரிசையில் நின்றபடி குத்தினார்கள். அவள் சிரித்துக்கொண்டே வறுவலுக்கு உப்புத் தூவுவாள். அந்தச் சிரிப்பையும் குறித்துக்கொண்டோம்.

செப்டம்பரில் முடிவெடுத்தோம். அவளை யாரும் ஊரைவிட்டுப் போகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. அவளுக்கு வழியனுப்பு விருந்து நடத்தத் தேதி குறித்து, ஒரு நல்ல பயணப் பையும் வாங்கிக் கொடுத்தோம். மிசாவோ பையைப் பார்த்தாள். இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னாள். பதினைந்தாம் தேதி, சனிக்கிழமை மாலை நாலு நாற்பது ரயிலுக்குச் சீட்டு எடுத்துக்கொண்டாள். விருந்துக்கு எல்லாரும் வந்தார்கள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

ஆனாலும் ஆதாரம் இல்லாமல் ஒருத்தியை அனுப்புவது நமேகாவாவுக்கு உறுத்தியது. அந்த மட்டில் நல்ல மனுஷர். வெள்ளிக்கிழமை மதியம் மிசாவோவைச் சங்கக் கூடத்தில் உட்காரவைத்து, தொலைபேசியின் வயரைப் பிடுங்கிவிட்டு, மூன்று பெண்களைக் காவல் வைத்தார். கல்லாவில் முதலாளி நின்றார். நமேகாவா தானே போய் வாங்கி, அலைதடுப்புச் சுவருக்குப் பக்கத்தில் தோஃபு வண்டியின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுச் சாப்பிட்டார். என்ன சாப்பிட்டார் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஊருக்காக இப்படியொரு தியாகமா என்று நாங்கள் உருகினோம். அவள் கூடத்தில் இருக்கும்போது அவர் பெயர் வராவிட்டால் குற்றம் அவளுடையது. மாலை ஐந்து ஐம்பத்தேழுக்கு எல்லாரும் கூடத்து டிவிக்கு முன்னால் உட்கார்ந்தோம். மிசாவோதான் தேநீர் ஊற்றினாள்.

"நமேகாவா ஐயா, தெரியாகி பர்கர் ரெண்டு, வெள்ளரி வேண்டாம்" என்று பாடியது பாட்டு. "அஞ்சு மாசம் ஆச்சே, சௌக்கியமா?"

பிறகு வானிலை வந்தது. மழை என்றார்கள்.

மிசாவோ கெண்டியைக் கீழே வைத்தாள். "நான் ஒண்ணும் சொல்லலைங்க, தலைவரே" என்றாள் தயக்கமாக. "பின்பக்க ஜன்னல்ல நீங்க வாங்கிட்டுப் போற விஷயத்தை ஒன்பது வருஷமா யார்கிட்டயும் சொன்னதே இல்லை."

நமேகாவா காதுவரை சிவந்து போனார். ஐந்து மாதமாக அவர் இளைத்ததற்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. சிரித்திருக்கலாம், யாருக்கும் தைரியம் வரவில்லை, அடுத்த நாள் நம் பெயரும் வரலாம்.

ஆக, அவள் குற்றமற்றவள். ஆனால் ரயில் சீட்டு எடுத்தாயிற்று, விருந்தும் முடிந்துவிட்டது. போ என்று யாரும் சொல்லாதபோது, போகாதே என்று மட்டும் எப்படிச் சொல்வது? சொன்னால், முன்பு போ என்று சொன்னதாக ஆகிவிடுமே. அன்று இரவு நமேகாவா தூங்கவில்லை என்று அவர் மனைவி பிறகு சொன்னார்.

சனிக்கிழமை காலை கொட்டும் மழையில் அவர் என் கதவைத் தட்டினார். "செயலாளரே, இன்னிக்கு ஹமானாசுல ஏதாவது வாங்குங்க. ஒரு உருளைக்கிழங்காவது. ரெண்டு மணிக்கு மேல போங்க. எல்லாரும் ஒரே நேரத்துல போகணும்."

"எண்ணெய் எனக்கு ஆகாதுன்னு வைத்தியர்..."

"மூணு வாங்கினவர்தானே நீங்க? போங்க!"

அறுபத்து நான்கு வீட்டு வாசலிலும் நின்று, பர்கர் வாங்கச் சொல்லி ஒரு தோஃபு கடைக்காரர் குனிந்து கும்பிட்டார். இரண்டரைக்கெல்லாம் வரிசை மீன் ஏலக்கூடம் வரை போயிருந்தது. கடைசி நாள் என்று கணக்கு ஒப்படைக்க வந்த மிசாவோ, பயணப் பையைக் கல்லாவுக்கு அடியில் தள்ளிவிட்டு ஏப்ரனைக் கட்டிக்கொண்டாள். நாலு மணிக்கு ரொட்டி தீர்ந்து, பக்கத்து ஊரிலிருந்து வந்தது. நாலு நாற்பதுக்கு ரயில் கூவியது. வரிசையில் நின்ற ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் மட்டும் ஒரு நிமிடம் கையை நிறுத்தி, ஜன்னல் வழியாகப் பார்த்தாள். முன்னால் நின்ற கோதேரா மருமகள், "எனக்கு மீன் பர்கர்..." என்று இழுத்தாள்.

"தெரியும்மா. குளிர்ந்த காபி."

மாலை ஐந்து ஐம்பத்தேழுக்குப் பாட்டு அறுபத்து நான்கு வீட்டுப் பெயர்களையும் பதினைந்து விநாடிக்குள் சொன்னது. தையல் இயந்திரம் ஓடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான் கேட்டது. ஒரு பெயரும் யாருக்கும் பிடிபடவில்லை. வானிலை சரியான நேரத்துக்குத் தொடங்கியது.

அன்றிலிருந்து எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் தினமும் ஹமானாசில் ஏதாவது வாங்குகிறோம். சந்தேகம் தீர்ந்துவிட்டதா என்றால், இல்லை. எதிர்வீட்டுக்காரர் இன்று போனாரா, போகாமல் விட்டு நம் பெயரைத் தெளிவாகக் கேட்கவைத்துவிடுவாரோ என்று மதியம் முழுவதும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்துக்கொண்டே இருக்கிறோம். நமேகாவா முன்வாசல் வழியாகவே போகிறார், கொஞ்சம் சதை போட்டிருக்கிறார். மிசாவோ கல்லாவில் நிற்கிறாள். பயணப் பையில் காகித உறைகளை வைத்திருக்கிறாள். நேற்று மாலையும் பாட்டு பாடியது. அலை ஒன்றரை மீட்டர், கிழக்குக் காற்று என்றார்கள்.