பித்தளைத் தகடு

அந்த ஹோட்டலில் நிஷாந்திக்கு மூன்று வேளையும் சாப்பாடு, மெத்தைக் கட்டில், குழாயைத் திறந்தால் சுடுதண்ணீர் எல்லாம் கொடுத்தார்கள். நிம்மதியாக வேலை செய்ய மட்டும் விடவில்லை.

உடப்புசல்லாவைக்கு மேலே மூடிக்கிடந்த பழைய தேயிலை ஃபெக்டரிதான் இப்போது சொகுசு ஹோட்டல். வடிவமைப்பாளர் ஒருவரை அங்கேயே சில மாதம் தங்கவைத்து, அந்த இடத்துக்கென்றே ஒரு கலைப்படைப்பைச் செய்வித்து, வரவேற்பு மண்டபத்தில் மாட்டுவதாக ஏற்பாடு. கொழும்பில் டிசைன் படித்த நிஷாந்தியைத் தெரிவு செய்தார்கள். அவள் பக்கத்துத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவள் என்பதைத்தான் விளம்பரத்தில் முதல் வரியாகப் போட்டார்கள்.

அவள் கேட்டது படங்கு. கொழுந்து பறிக்கும் பெண்கள் சேலை நனையாமலிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் தடித்த சாக்குத் துணி. தேயிலைச் சாறு ஏறி ஏறி ஒவ்வொருத்தி படங்கிலும் கறை ஒவ்வொரு விதமாகப் படிந்திருக்கும். அவற்றை வரிசையாகத் தொங்கவிட்டுப் பின்னாலிருந்து வெளிச்சம் அடித்தால் மலைக்குப் பின்னால் மலை நிற்பதுபோல இருக்கும். நடுவில் அவளுடைய அம்மா வீரம்மாவின் படங்கு. இத்தனை வருஷமாக பிஸ்கட் பெட்டிக்கும் கலியாண அட்டைக்கும் படம் போட்டு அலுத்தவள், இது ஒன்றாவது தன் வேலையென்று சொல்லிக்கொள்ள வேண்டுமென்று துடித்தாள்.

மேனேஜர் றம்ஸான் தினமும் ஒரு யோசனையோடு வந்தார்.

"மிஸ், ஒருக்கா லோன்ட்ரிக்குப் போட்டு எடுப்பமா? அப்பிடியே மாட்டினா வாசம் வரும்."

"கறைதான் சேர் படமே. கழுவினா வெறும் சாக்கு."

அடுத்த நாள், "கூடையோட சிரிக்கிற மாதிரி ஒரு பொம்பளைய வைப்பமா?" என்றார். அதற்கடுத்த நாள் மறுபடியும் லோன்ட்ரி. கெட்ட மனுஷனாக இருந்தால் ஒரேயடியாகச் சண்டை பிடித்து முடித்திருக்கலாம். இவரோ கையோடு பிளேன்டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டுத்தான் உயிரை வாங்கினார். கடைசியில் நிஷாந்தி பெட்டியைக் கட்டிக்கொண்டு அவர் அறை வாசலில் போய் நின்ற பிறகே இறங்கி வந்தார். இனி யாரும் மனம் மாறக்கூடாதென்று, "கறை" என்ற தலைப்பை மூன்று மொழியிலும் பித்தளைத் தகட்டில் வெட்டுவித்து, கீழே தன் பெயரோடு அன்றைக்கே சுவரில் ஸ்குரூ போட்டு முடுக்கச் செய்தாள்.

திறப்பு விழா ஞாயிற்றுக்கிழமை மாலை. சனிக்கிழமை வரைக்கும் தோட்டத்துப் பெண்களுக்குப் படங்கு வேலைக்கு வேண்டும் என்பதால், ஞாயிறு காலையில் தருவதாகப் பேச்சு. பதிலுக்குத் திங்கட்கிழமை கட்டப் புதுப் படங்குகள் வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்தாள்.

சொன்னபடியே வீரம்மா மூட்டையோடு வந்து இறங்கினாள். நிஷாந்தி அவிழ்த்தாள். எல்லாம் வெள்ளை வெளேரென்று, மடித்து அடுக்கியிருந்தது. சவர்க்கார வாசம் குப்பென்று அடித்தது.

"ஏம்மா தொவச்சீங்க?"

"தொவைக்காம? பெரிய எடத்துல, நாலு பேரு பாக்குற மாதிரி தொங்கப்போடப் போறேங்குற. கடையில ப்ளீச்சிங் தூள் வாங்கி, நேத்து வேலை விட்டு வந்ததும் பீலித் தண்ணியில போட்டு அடிச்சு, ராத்திரி பூரா அடுப்புச் சூட்டுல காயவச்சோம். எங்கூட கொழுந்தெடுக்கிற காளியாயிக்கும் கையெல்லாம் வெந்துபோச்சு."

லயத்தில் இரவல் வாங்கிய சட்டியைக்கூடக் கழுவாமல் திருப்பிக் கொடுக்கமாட்டார்கள். அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு அது தெரியாதா? மேனேஜரிடம் இத்தனை நாள் தொண்டைத்தண்ணீர் வற்றக் கத்தினாளே, சொந்த அம்மாவிடம் "தொவைக்காதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது. அம்மாவின் வெந்து சிவந்த கையைப் பார்த்தபோது அதைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

வேறு வழியில்லாமல் அவற்றையே தொங்கவிட்டாள். வெளிச்சம் போட்டார்கள். மலையுமில்லை, ஒன்றுமில்லை, கொடியில் காயப்போட்ட துணி.

றம்ஸானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இதத்தானே மிஸ் நான் மொதல்லருந்து சொன்னேன்" என்றார்.

விருந்தாளிகள் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், வீரம்மா சுவரில் மின்னிய தகட்டருகே போய் நின்று எழுத்துக்கூட்டினாள். பிறகு துணிகளை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அவள் முகம் சுருங்கிப்போனது.

"கறைன்னு போட்டுருக்காங்களே புள்ள. எங்க இருக்கு? நாங்க ஒண்ணுகூட விடலையே."

"அது வந்து அம்மா..."

"இருந்தா காட்டு. இப்பவே கொண்டுபோயி கசக்கிட்டு வந்துர்றேன். அதுக்குக் கீழ ஒம்பேரு வேற போட்டுருக்காங்க."

நிஷாந்திக்கு விளக்கமாகச் சொல்லிக் கத்தவேண்டும் போலிருந்தது. கறைதான் அழகு, அதைக் காப்பாற்றத்தான் இத்தனை சண்டையும் என்று. அம்மா இன்னும் தகட்டிலிருந்த மகளின் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெந்துபோன விரலால் அதைமட்டும் தடவிக்கொடுத்தாள்.

ஆத்திரம் கொஞ்சமும் குறையவில்லை. அதோடுதான் நிஷாந்தி றம்ஸானிடம் போய், தகட்டைக் கழற்ற ஒரு ஸ்குரூ டிரைவர் கேட்டாள்.