முகம் பொருந்தவில்லை

டிப்போ வாசலில் இருந்த இயந்திரம் மறுபடியும் சிவந்தது. "முகம் பொருந்தவில்லை" என்று அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல் வெகு மரியாதையாகச் சொன்னது. ஓட்டுநர் சீருடையில் எதிரே நின்ற அவள் தொப்பியைக் கழற்றினாள். முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கினாள். வரிசையில் நின்ற ஓட்டுநர் ஒருவர், "அக்கா, கொஞ்சம் சிரிச்சுப் பாருங்க, அதுவும் மனசு இரங்கும்" என்றார். சிரித்தும் பார்த்தாள். சிவப்புதான். வருகை பதிவானால்தான் பேருந்துச் சாவி கைக்கு வரும். அந்த ஏற்பாடு புதிது.

சூப்பர்வைசர் வந்து தன் கணினியில் அவளுடைய படத்தைத் திறந்தார். டிப்போ ஊழியர்கள் எல்லோரையும் ஸ்டூடியோவுக்கு அனுப்பி எடுத்த படங்களில் ஒன்று. சீருடை அவளுடையது. கண்களும், சற்றே தூக்கிய முகவாயும் அவளுடையவைதான். இடது கன்னத்தில் தொடங்கி, காதுமடலைச் சுருட்டிக்கொண்டு கழுத்துக்குள் இறங்கும் தழும்பை மட்டும் காணோம். அந்த இடம் வழவழவென்றிருந்தது. பாதி கரைந்துபோன காதுகூட முழுசாக முளைத்திருந்தது.

"நல்லாத்தானே இருக்கு" என்றார் சூப்பர்வைசர்.

"நல்லாத்தான் இருக்கா. யாரு சார் இவ?"

அவர் சிரித்தார். "போட்டோ எடுக்கிற இடத்துல கம்ப்யூட்டரே சரிபண்ணிடுச்சாம். விளம்பரத்துக்கு பஸ் பின்னாடி ஒட்டப்போறதும் இதே படம்தான். மாத்தணும்னா தலைமை அலுவலகம் வரைக்கும் போகணும். எதுக்கும்மா வம்பு? காலையில கொஞ்சம் கனமா மேக்கப் போட்டுட்டு வா. மிஷின் ஏத்துக்கும்."

அவளுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் காது சுட்டது, பாதிக் காதும் சேர்த்து.

"என்னைப் பாத்துப் படம் எடுத்தாங்களா, இல்ல படத்தைப் பாத்து எங்கம்மா என்னைப் பெத்தாங்களா சார்?"

வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சூப்பர்வைசர் முகம் இறுகியது. அவளுடைய வண்டியை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டு, "படம் பொருந்துற வரைக்கும் வீட்டுல இரு" என்றார்.

அவள் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஸ்டூடியோவுக்குப் போனாள்.

புகைப்படக்காரி சின்னப் பெண்தான்; கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். "நான் கையே வைக்கலக்கா. நூத்துக்கணக்குல படம். கேமராவுலேருந்து ஏத்தும்போதே அதுவா சரிபண்ணிடும். இருட்டா இருந்தா வெளிச்சம் கூட்டும், பரு, கறை இருந்தா எடுத்துடும்."

"இது கறையா?"

"அதுக்குத் தெரியாதுக்கா." சற்றுத் தயங்கி, "தீ விபத்தா? யாரையாவது காப்பாத்தப் போயி..." என்றாள்.

எல்லோரும் அதைத்தான் எதிர்பார்ப்பார்கள். எரியும் வண்டி, அழும் குழந்தை, உள்ளே பாயும் வீராங்கனை. "யாரையும் காப்பாத்தல. இஞ்சின் சூடாயிடுச்சு. ஆறுற வரைக்கும் பொறுக்காம ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். கொதிதண்ணி மூஞ்சில அடிச்சிடுச்சு. என் அவசரம், என் தழும்பு."

புகைப்படக்காரி கேமராவிலிருந்த அசலையும் திருத்திய படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். கம்ப்யூட்டர் திருத்திய தன் முகத்தை அவள் இப்போதுதான் பெரிதாகப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் இப்படித்தான் இருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று கண்ணாடியைக் கையில் கொடுக்காமல் ஒளித்துவைத்த கணவனும், பின்னாளில் அம்மாவின் கன்னத்தைத் தடவிக்கொண்டேதான் தூங்குவேன் என்று அடம்பிடித்த மகளும் நினைவுக்கு வந்தார்கள். மகள் இந்தப் படத்தில் இருப்பவளைப் பார்த்ததே இல்லை. அவள் பிறந்தது தழும்புக்கு அப்புறம். தெருவில் எதிரே வந்தால், இந்த அத்தை யாரும்மா என்று கேட்பாள்.

"வேணும்னா ரெண்டையும் வெச்சுக்கலாம்க்கா. நல்லாவும் இருக்கீங்க."

"நல்லாத்தான் இருக்கேன்." கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். "அழிச்சிடு."

"மத்தவங்க படத்தையும் பழையபடி மாத்திடவா? மெக்கானிக் அண்ணனோட மாறுகண்ணைக்கூட அது நேராக்கிடுச்சு."

உடனே சரி என்று சொல்ல வாயெடுத்தாள். மெக்கானிக் அந்தப் படத்தைத் தன் ஃபோனின் முகப்பில் வைத்துக்கொண்டு டிப்போ முழுக்கக் காட்டித் திரிந்தது ஞாபகம் வந்தது. "அது அவரு கண்ணு. அவரையே கேளு. என்னோடதை மட்டும் உள்ளது உள்ளபடி அனுப்பு."

படம் போன கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் கூப்பிட்டார். "வாசல் மிஷினுக்கு வேணா இதை ஏத்தச் சொல்றேன். ஆனா பஸ்ல அந்தச் சரிபண்ணின படம்தான் ஒட்டணுமாம். ஜனங்க பாப்பாங்க இல்ல? ஒத்துக்கலைன்னா வேற ரூட்டு தருவாங்களோ, வேலையே தராம போவாங்களோ, எனக்குத் தெரியாது."

"அந்தப் படத்தைத்தான் ஒட்டணும்னா, பஸ்ஸையும் அவளையே ஓட்டச் சொல்லுங்க சார்."

அவள் ஃபோனை வைத்தாள். புகைப்படக்காரி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த நிறுத்தத்தில் வந்து நின்றது அவள் ஓட்டியிருக்க வேண்டிய வண்டி. முன்வாசல் வழியாக ஏறினாள். புது ஓட்டுநர் கூச்சத்தோடு தலையாட்டினார். ஜன்னலோரம் உட்கார்ந்தாள். ஓட்டுநர் இருக்கைக்கு மேலிருந்த நீளக் கண்ணாடியில் பயணிகளின் முகங்களெல்லாம் வரிசையாகத் தெரிந்தன. அரைத்தூக்கத்தில் ஒன்று, அம்மைத்தழும்போடு ஒன்று, கொட்டாவி விடுவது ஒன்று. ஓரத்தில் அவளுடையது. ஒரு பெண்மணி கண்ணாடி வழியாக அவளையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஃபோன் மறுபடியும் மடியில் அதிர்ந்தது. அவள் எடுக்கவில்லை. சட்டைக் காலரின் மேல்பொத்தானைக் கழற்றி, இடது கன்னத்தை ஜன்னல் வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள். வண்டி வேகமெடுத்தது. காற்று சுருண்ட காதுக்குள் விசிலடித்துக்கொண்டு புகுந்தது.