உப்புப் போடாத முதல் உருண்டை

கடைக்காரன் அரைத்துக் கொடுக்கும் கறியை வெல்டர் நம்பமாட்டார். அரைத்த பிறகு எது கறி, எது கழிவு என்று ஆண்டவனுக்கே தெரியாது என்பார். அதனால் பன்றியின் தோள்கறியை முழுத்துண்டாக, கொழுப்போடு வாங்கினார். தராசு முள் நிற்கிறவரை கண்ணை எடுக்கவில்லை. கறி அரைக்கும் கைமெஷின் பழைய சாமான்தான். அதை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, தண்ணீரில் கொதிக்கவைத்த பிறகே மேசை விளிம்பில் முடுக்கினார்.

எல்லாம் பெண்டாட்டிக்காக. நாலு மாதத்துக்கு முன் வந்த காய்ச்சல், போகும்போது அவளுடைய மூக்கையும் நாக்கையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. மணம் இல்லை, ருசி இல்லை. தட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பினாள். வளையல் முழங்கைவரை ஏறியது. "திரும்ப வரலாம், வராமலும் போகலாம்" என்றார் டாக்டர். இதைச் சொல்ல எதற்கு அத்தனை வருஷம் படித்தான் என்று வெல்டருக்கு ஆத்திரம்.

அவளுடைய மூக்கு லேசுப்பட்டதல்ல. அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் கேன்டீனில் அவள்தான் சமையல்காரி. மூடியைத் திறக்காமலே உப்புக் குறைச்சல் என்பாள். சனிக்கிழமைதோறும் பன்றிக்கறிக்குள் சீஸ் வைத்து அவள் பொரித்துப் போடும் சாசேஜ் சீஸ் உருண்டைக்கு வெல்டிங் பிரிவே வரிசையில் நிற்கும்.

ஆனால் ஒரு மாதமாக எதைக் கொடுத்தாலும் "நல்லாருக்கு" என்கிறாள். அம்மா தேறிவிட்டாள் என்று மகளுக்குச் சந்தோஷம். வெல்டருக்குச் சந்தேகம். நாற்பது வருஷம் குறை சொல்லியே குடும்பம் நடத்தியவள், திடீரென்று ஏன் இத்தனை நல்லவள் ஆனாள்?

அன்று காலை மகள் போனில் அந்த உருண்டையின் செய்முறையை வாசித்தாள்.

"அப்பா, கிலோவுக்கு மூணு டீஸ்பூன் உப்பு. கறி சில்லுன்னு இருக்கணுமாம். சீஸை நடுவுல வச்சு உருட்டினதும் அரை மணி நேரம் ஃப்ரீசர்ல வைக்கணுமாம்."

"யாரு சொன்னது?"

"நெட்ல போட்டிருக்கான்பா."

"அவன் யாருன்னு உனக்குத் தெரியுமா?"

"இல்லப்பா."

"அப்புறம்?" என்று போனை வைத்தார்.

கறியை அரைத்து முடித்ததும் உப்பை எடுக்கவில்லை. எலுமிச்சை அளவு வெறும் கறியை உருட்டிப் பொரித்து, தட்டில் வைத்து அறைக்குக் கொண்டுபோனார். அவள் மென்றாள்.

"எப்படி இருக்கு?"

"நல்லாருக்குங்க."

"உப்பு?"

"அளவா இருக்கு."

"காரம்?"

"கொஞ்சம் தூக்கல். பரவால்ல, இருக்கட்டும்."

வெல்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "அதுல உப்பும் இல்ல, காரமும் இல்ல. வெறும் கறி."

அவள் தட்டைக் கீழே வைத்தாள்.

"எத்தனை நாளா இந்தப் பொய்?"

"தட்டை நீட்டிட்டு நீங்க என் மூஞ்சியவே பாக்க ஆரம்பிச்ச நாள்லேருந்து. அட்டையை மெல்லுற மாதிரி இருக்குன்னு சொன்னா, அன்னிக்கு நீங்களும் சாப்பிடாம படுத்துக்கிறீங்க. என்னை என்ன பண்ணச் சொல்றீங்க?"

வெல்டர் எழுந்து போய்ச் சமையலறைக் கதவை அறைந்து சாத்தினார்.

கோபத்தைக் கறியிடம் காட்டினார். உப்பு, மிளகு, பூண்டு, சோம்பு எல்லாவற்றையும் கொட்டிச் சூட்டுக் கையால் பிசைந்தார். கொழுப்பு உள்ளங்கையில் பசையாக ஒட்டியது. சீஸ் துண்டை நடுவில் வைத்து மூடி, ரொட்டித்தூளில் புரட்டி, பாதிக் கறியை உருண்டைகளாக்கினார். ஃப்ரீசராவது மண்ணாவது என்று நேராக எண்ணெயில் போட்டார்.

இரண்டாவது நிமிஷம் உருண்டைகள் வாய் பிளந்தன. உள்ளிருந்த சீஸ் ஒழுகிச் சட்டியின் அடியில் பிடித்தது, சிவந்தது, கறுத்தது. வேலை பார்த்த காலத்தில் அவர் வெல்டிங் வைத்த ஒரு தொட்டிகூட ஒழுகியதில்லை. இந்தக் கோலிக்குண்டு ஒழுகுகிறது! கரண்டியால் ஓட்டையை அடைக்கப் பார்த்தார்.

"ஏங்க! என்னமோ தீயுது!"

அறையிலிருந்து அவள் குரல். வெல்டர் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே நின்றார். பிறகு கதவைத் திறந்தார்.

"புகையப் பாத்தியா?"

"கதவை அறைஞ்சு சாத்திட்டுப் போனது யாரு?"

"சத்தம் கேட்டுச்சா?"

"இல்லங்க." அவள் விரல் மூக்கைத் தொட்டது. "பால் அடிபிடிச்ச மாதிரி... இங்க."

வெல்டர் நம்பவில்லை. "கண்ணை மூடு" என்றார்.

வெறும் கரண்டியை நீட்டினார். "ஒண்ணுமில்ல." நசுக்கிய பூண்டை நீட்டினார். "ஒண்ணுமில்ல." கருகிய சீஸை நீட்டினார்.

"இதேதான்! கருமம், சட்டியே போச்சா?"

வரிசையை மாற்றி மறுபடி நீட்டினார். இன்னொரு தடவையும் நீட்டினார். அவள் ஒரு கண்ணைத் திறந்தாள்.

"இன்னும் ஏமாத்துறேன்னு நினைக்கிறீங்களா?"

"ஆமா."

"இல்லங்க" என்று சிரித்தாள். "இப்ப இல்ல."

பிளக்காத உருண்டை ஒன்றே ஒன்று தேறியிருந்தது. அவள் கடித்து மெதுவாக மென்றாள். அவர் இந்தத் தடவை முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தார்.

"ருசி தெரியல. பொய் சொல்லமாட்டேன்" என்றாள். இன்னும் இரண்டு மெல்லல். "ஆனா கறி சேராம உதிருதே? சூட்டுக் கையால பிசைஞ்சீங்களா?"

"ம்."

"ஃப்ரீசர்ல வச்சீங்களா?"

"இல்ல."

"நினைச்சேன். பல்லுக்குத் தெரியுது."

நாலு மாதத்தில் அவள் சொன்ன முதல் நிஜமான குறை! வெல்டருக்குத் திட்டு வாங்கிய மாதிரியே இல்லை. அவள் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சமையலறைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள். மீதிக் கறியை அவளே ஃப்ரீசரில் வைக்கச் சொன்னாள். கையை ஐஸ் தண்ணீரில் நனைக்கச் சொன்னாள். சோம்பை யார் இப்படிக் கொட்டுவார்கள் என்று டப்பாவைப் பார்த்தே திட்டினாள்.

கறி குளிர அரை மணி நேரம் ஆகும். வெல்டர் கெட்டுப்போன சட்டியை மறுபடி அடுப்பில் ஏற்றி, நல்ல சீஸ் துண்டு ஒன்றை அதில் போட்டார்.

"எதுக்குங்க அதைப் போய் வீணாக்குறீங்க?"

"கண்ணை மூடிக்கோ. தெரியிறப்ப சொல்லு."

அவள் மூடிக்கொண்டாள். சீஸ் இளகியது, ஓரம் சிவந்தது.

"இன்னும் இல்ல" என்றாள். "இன்னும் இல்ல... ம், இப்ப."