ஒற்றை முத்தப் பரம்பரை

மக்காவ் படகுத்துறையில் கால் வைத்த அன்றே எவரிஸ்டோ ஒரு முத்தத்தைக் குறைத்துவிட்டான்.

சாதாரணப் போர்ச்சுகல்காரன் ஒரு பெண்ணைச் சந்தித்தால் கன்னத்துக்கு ஒன்றாக இரண்டு முத்தம் வைப்பான். லிஸ்பன் பக்கத்துக் கஷ்காய்ஷ் கடற்கரையில் முப்பாட்டன் காலத்திலிருந்து மாளிகை வைத்திருக்கிறவர்கள் மட்டும் ஒன்றோடு நிறுத்திக்கொள்வார்கள். பெற்ற பிள்ளையைக்கூட ‘நீங்க’ என்றுதான் கூப்பிடுவார்கள். எவரிஸ்டோவின் அப்பா லிஸ்பனுக்கு எதிர்க்கரையில், பரெய்ரோவில், உர ஆலையில் மூட்டை தூக்கியவர். அந்த வீட்டில் முத்தத்துக்கு மட்டும் பஞ்சமே இருந்ததில்லை. ஆனால் பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்த பிறகு அதையெல்லாம் யார் கேட்கப்போகிறார்கள்? இறங்கினான், எதிரே வந்த பெண்மணிக்கு ஒரே ஒரு முத்தம் வைத்தான், நிமிர்ந்தான். அந்தம்மாளின் இரண்டாவது கன்னம் காற்றில் நின்றது. “ஓ, மன்னிக்கணும், நீங்க அந்தக் குடும்பமா?” என்றாள் அவள். எவரிஸ்டோ ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. மூக்கை மட்டும் கொஞ்சம் தூக்கினான்.

தூக்கிய மூக்கு ஆறு வருடம் இறங்கவில்லை. புயல் மழைக் காலத்தில் அவன் குடையில்லாமல் வெளியே போனால் மூக்கில் தண்ணீர் தேங்கும் என்று மக்காவின் தைப்பாத் தீவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பல்மிரா சொல்வாள். பல்மிரா அந்த ஊர்க்காரி. பாதி போர்ச்சுகல் ரத்தம், பாதி சீன ரத்தம், நாக்கு மட்டும் முழுக்க அவளுடையது. எவரிஸ்டோவுக்கு இரண்டாவது கன்னத்தை நீட்டி நீட்டி அவளுக்குக் கழுத்து ஒரு பக்கமாக நின்றுவிட்டது. சீன வைத்தியர் ஊசி குத்தித்தான் நேராக்கினார். நம்புகிறவர்கள் நம்பலாம்.

ஒரு காலத்தில் போர்ச்சுகல் ஆண்ட அந்தச் சீன ஊரில் மிச்சமிருந்த போர்ச்சுகல்காரர்களின் வாழ்க்கையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. மத்தியானம் மூன்று மணி நேரம் சாப்பிடுவார்கள். மிச்ச நேரத்தில் வேலை அதிகம் என்று சலித்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமை மாலை யாராவது ஒருவருக்கு வழியனுப்பு விழா நடக்கும். பாதிப் பேர் போவதாகச் சொல்லி விழா வாங்கிக்கொண்டு போகாமலே இருந்துவிடுவார்கள். மதுக்கடை மாறும், ஆட்கள் மாறமாட்டார்கள். பத்து வருடம் இருந்தவனுக்கும் சீன மொழியில் ‘பீர்’, ‘பில்’ இரண்டும்தான் தெரியும். நீண்ட விடுமுறை வந்தால் வியட்நாமின் தனாங், தாய்லாந்தின் சியாங் மாய் என்று விமானம் ஏறுவார்கள். அங்கே இறங்கிப் பார்த்தால் அதே நாற்பது பேர் அதே சட்டையோடு உட்கார்ந்து, இந்த ஊரில் நல்ல காப்பி கிடைப்பதில்லை என்று வருத்தப்பட்டுக்கொண்டிருப்பார்கள். எவரிஸ்டோவும் கூடவே போவான். சியாங் மாய் மலையைப் பார்த்து, “எங்க தோட்டத்துக்குப் பின்னாடி இருக்கே, அது இதவிட ஒசரம்” என்பான். சியாங் மாய்க்காரர்கள் பெருந்தன்மையானவர்கள், மலையை வாபஸ் வாங்கிக்கொள்ளவில்லை.

பகலில் அவன் ஒரு சட்ட அலுவலகத்தில் இருந்தான். சீனத்தில் எழுதிய ஒப்பந்தங்களுக்குப் போர்ச்சுகீசியப் பிரதி தயாரிக்கும் வேலை. அந்தப் பிரதியை ஒருவரும் படிப்பதில்லை. படிக்காத பிரதியில் பிழை இருக்கக் கூடாது என்று பக்கத்து நாற்காலியில் நார்பெர்ட்டோ என்று இன்னொருவன் உட்கார்ந்திருந்தான். மூன்று பிள்ளைகள், தேய்ந்த செருப்பு, எல்லோருக்கும் இரண்டு முத்தம்.

ஆறாவது வருடம் வசந்தத்தில் பழைய முதலாளி ஓய்வு பெற்றார். லிஸ்பனிலிருந்து டோனா பெனடிட்டா, அதாவது பெனடிட்டா அம்மணி, புதிதாக வருகிறார் என்றும், இரண்டு நாற்காலியில் ஒன்றை எடுத்துவிடப்போகிறார் என்றும் பேச்சு வந்தது. எவரிஸ்டோ கணக்குப் போட்டுப் பார்த்தான். வேலை போனால் தங்கும் அனுமதி போகும். அனுமதி போனால் பரெய்ரோதான். மகன் மக்காவையே கட்டி ஆளுவதாக அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். எந்த முகத்தோடு போய் இறங்குவது?

பிறகுதான் நல்ல சேதி வந்தது. வருகிறவர் அசல் கஷ்காய்ஷ்காரி, கப்பல் முதலாளியின் பேத்தி.

“அப்புறம் என்ன டாக்டரே, உங்க சாதிசனம் வருது” என்றாள் பல்மிரா. பட்டம் வாங்கிய எவனையும் டாக்டர் என்பது போர்ச்சுகல்காரர்கள் வழக்கம். பட்டம் வாங்காதவனை எஞ்சினியர் என்பார்கள்.

“எங்ககிட்ட ஒரு பழக்கவழக்கம் இருக்கில்ல, பல்மிரா. ரெண்டு நிமிஷத்துல ஒருத்தர ஒருத்தர் கண்டுபிடிச்சுருவோம்.”

“மோப்பம் பிடிச்சா?”

எதிரே உட்கார்ந்திருந்த நார்பெர்ட்டோ சிரிப்பை அடக்கக் காப்பிக் கோப்பையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டான். அவனைப் பார்க்க எவரிஸ்டோவுக்குப் பாவமாக இருந்தது. மூன்று பிள்ளைகளோடு ஊருக்குப் போக எத்தனை பெட்டி வேண்டியிருக்குமோ.

டோனா பெனடிட்டா வந்தார். ஐம்பது வயது, வெட்டிவிட்ட நரைமுடி, காலில் ரப்பர் செருப்பு. எவரிஸ்டோ எல்லோரையும் முந்திக்கொண்டு போய், ஆறு வருடப் பயிற்சியைத் திரட்டி, காற்றுக்கும் தோலுக்கும் நடுவில் ஒரே ஒரு முத்தம் வைத்துவிட்டுப் பின்வாங்கினான். அவ்வளவு துல்லியமான முத்தம் அதற்கு முன்னும் பின்னும் மக்காவில் விழுந்ததில்லை.

டோனா பெனடிட்டாவின் இரண்டாவது கன்னம் காற்றில் நின்றது.

நின்ற கன்னத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டு அவர் எவரிஸ்டோவைப் பார்த்தார். சாப்பாட்டில் முடியைக் கண்டவரின் பார்வை அது.

“அடக் கடவுளே. இங்கயும் ஒருத்தரா? எந்தக் குடும்பம் நீங்க?”

“அது வந்து... தோட்டம், ஒயின்...” என்றான் எவரிஸ்டோ.

“போதும், சொல்லாதீங்க. எனக்குச் சொந்தமா வந்துரப்போறீங்க.”

அவர் நேரே நார்பெர்ட்டோவிடம் போனார். சத்தமாக இரண்டு முத்தம் வாங்கிக்கொண்டு, மூன்றாவதும் வாங்கிவிட்டு, பிள்ளைகளின் பெயரையெல்லாம் கேட்டார். கஷ்காய்ஷையும், அங்கே மேசைக்கு அடியில் கிடக்கும் நாய்க்குக்கூட ‘நீங்க’ போடும் மாமிமார்களையும் விட்டுத் தப்பிக்கத்தான் அந்தம்மாள் உலகத்தின் இந்தக் கோடிக்கு ஓடி வந்திருக்கிறார் என்பது எவரிஸ்டோவைத் தவிர எல்லோருக்கும் அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. எவரிஸ்டோ மட்டும், தங்களுக்குள்ளே பாசம் காட்டிக்கொள்ளாதது பெரிய குடும்பத்து மரியாதை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தான்.

ஜூன் மாதம் ஒருநாள் அவர் அவனை அறைக்குள் கூப்பிட்டார்.

“உட்காருங்க. நேராவே சொல்லிடறேன். ஒரு எடம்தான் இருக்கு. அத நார்பெர்ட்டோவுக்குக் கொடுக்கலாம்னு இருக்கேன்.”

“என் வேலையில ஏதாவது குறையா, டோனா பெனடிட்டா?”

“குறைய யார் பார்த்தா? ரெண்டு பேர் வேலையையும் ஒருத்தரும் படிக்கிறதில்ல. அவருக்கு மூணு புள்ளைங்க, சம்பளம் வந்தாத்தான் அடுப்பு எரியும். உங்களுக்கு என்ன? தோட்டம் இருக்கு, மலை இருக்குன்னு சொல்றாங்க. சம்பளம் உங்களுக்கு ஒயின் வாங்கற காசு. போய் உங்க ஒயினையே குடிங்க.”

எவரிஸ்டோவின் மூக்கு ஆறு வருடத்தில் முதல்முறையாகக் கீழே வந்தது.

“எங்களுக்குத் தோட்டமே இல்லீங்க.”

“வரி கட்டச் சொன்னா எங்க அப்பாவும் இதையேதான் சொல்வார்.”

“சத்தியமா. நான் பரெய்ரோ. எங்கப்பா உர மூட்டை தூக்கினவரு. எங்கம்மா வீட்டு வேலை செய்யறாங்க.”

டோனா பெனடிட்டா கண்ணில் நீர் வரச் சிரித்தார். “என் சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான். குடிச்சா அவனும் மீன்காரன் மகன்னுதான் சொல்லிக்குவான். உங்க ஆளுங்களுக்கு ஏழையாட்டம் வேஷம் போடறதுல என்னதான் ருசியோ!”

அன்று மாலை அவர் பல்மிராவின் கடைக்குச் சாப்பிட வருவார் என்று தெரிந்து எவரிஸ்டோ முன்னாடியே போய் உட்கார்ந்தான். ஒரு வழி தோன்றியிருந்தது. அம்மாவைத் தொலைபேசியில் முகம் பார்த்துப் பேச வைத்துவிட்டால் தீர்ந்தது. அம்மா டோனா இடலினாவின் ஏப்ரனையும், பின்னால் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்குச் சுவரையும், வாயிலிருந்து வரும் பரெய்ரோப் பேச்சையும் ஒரு தரம் பார்த்தால் எந்தக் கல்நெஞ்சும் கரைந்துவிடும். அம்மாவுக்குச் செய்தி அனுப்பினான்: ‘என் முதலாளி அம்மா உன்னைப் பார்க்கணும்கறாங்க. என் வேலையே இதுலதான் இருக்கு. பார்த்துப் பேசும்மா.’

அந்தச் செய்தியை அனுப்பும் முன் அவன் கொஞ்சம் யோசித்திருக்கலாம். யோசிக்கிற ஆளாக இருந்தால் இந்தக் கதையே இல்லை.

டோனா பெனடிட்டா வந்தார், கூடவே நார்பெர்ட்டோவும். மேசையில் மிளகு போட்ட நண்டு வந்தது. எவரிஸ்டோ எழுந்து நின்றான்.

“டோனா பெனடிட்டா, ஒரு நிமிஷம். நான் ஏழைன்னு இப்ப நிரூபிக்கிறேன்.”

“இது நல்லாருக்கே!” என்று பல்மிரா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள். “எங்க ஊர்ல பணக்காரன்னு நிரூபிக்கத்தான் ஆளுங்க அலைவாங்க.”

அவன் அழைத்தான். பரெய்ரோவில் அப்போது மத்தியானம். திரையில் வெளிச்சம் வந்தது. முதலில் தெரிந்தது ஒரு சரவிளக்கு. அப்புறம் வெள்ளிப் பாத்திரங்கள் அடுக்கிய கண்ணாடி அலமாரி. அதற்கு முன்னால், கழுத்தில் மூன்று வரி முத்துமாலையோடு, பச்சை வெல்வெட் நாற்காலியில், ஓவியத்துக்கு உட்கார்ந்தவள் போல அவனைப் பெற்றவள் உட்கார்ந்திருந்தாள்.

எவரிஸ்டோ நாற்காலியை அடையாளம் கண்டுகொண்டான். அவள் சமையல் செய்யும் பல் டாக்டர் வீட்டுக் கூடம். டாக்டர் குடும்பம் கோடைக்குத் தெற்கே போயிருந்தது. முத்துமாலை டாக்டர் பெண்டாட்டியுடையது.

“வணக்கம் மகனே. நீங்க சாப்பிட்டீங்களா?” என்றாள் டோனா இடலினா. பிறந்ததிலிருந்து அவனை அவள் ‘டேய்’ என்பதைத் தவிர வேறு எதுவும் சொன்னதில்லை.

“அம்மா! யார் வீட்டுல இருக்க நீ?”

“யார் வீட்லன்னா? நம்ம வீட்லதான். வெயில் தாங்கல, அதான் தோட்டத்துப் பக்கம் போகல. இவங்கதானா உங்க டோனா பெனடிட்டா? ரொம்ப சந்தோஷம்மா. பின்னாடி படத்துல இருக்காரே, அவர் இவரோட கொள்ளுத் தாத்தா.”

படத்தில் இருந்தவர் பல் டாக்டரின் கொள்ளுத் தாத்தா. கையில் பல் பிடுங்கும் குறடு வைத்திருந்தார்.

“மூக்கு அப்படியே இருக்கு” என்றாள் பல்மிரா.

“அம்மா, வேண்டாம்! நீ அங்க சமையல் வேலை செய்யறவன்னு சொல்லு. பாத்திரம் தேய்க்கிறவன்னு சொல்லு. உண்மையச் சொல்லும்மா, என் வேலை போயிரும்!”

டோனா இடலினா ஒரு கணம் தடுமாறினாள். மகன் தன்னைச் சோதிக்கிறான், பெரிய மனுஷி எதிரே தான் உளறிவிடக் கூடாது என்று அவள் முகத்தில் எழுதியிருந்ததை எவரிஸ்டோ படித்தான். பிறகு அவள் முத்துமாலையைத் தொட்டுக்கொண்டு நிமிர்ந்தாள்.

“பாத்தீங்களாம்மா? சின்ன வயசுலேருந்தே இவர் இப்படித்தான். வேலைக்காரங்க மேல அவ்வளவு பாசம். சமையக்கட்டே கதின்னு கெடப்பார். எத்தன தரம் கண்டிச்சிருக்கேன்!”

“தெரியும்மா, தெரியும்” என்றார் டோனா பெனடிட்டா சலிப்போடு. “எங்க வீட்லயும் ஒண்ணு இப்படி இருந்துச்சு.”

“அவர நல்லா பாத்துக்குங்க.”

“நீங்களே பாத்துக்கலாம். சீக்கிரம் வந்துருவார்.”

தொடர்பு அறுந்தது. நார்பெர்ட்டோ பாவம், நண்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தான். டோனா பெனடிட்டா அவன் தட்டில் ஒரு கொடுக்கை எடுத்து வைத்தார். “சாப்பிடு நார்பெர்ட்டோ. நாளைக்குக் கையெழுத்து போட்டுடலாம்.” பிறகு எவரிஸ்டோவிடம், “நீங்களும் உட்காருங்க. இதுவரைக்கும் நான் பாத்த கஷ்காய்ஷ்காரங்கள்ல இவ்வளவு பாடுபட்டுப் பொய் சொன்னது நீங்க ஒருத்தர்தான். அந்த உழைப்புக்காவது ஒரு நண்டு தரணும்.”

எவரிஸ்டோ உட்காரவில்லை. வாசலுக்கு வந்து, சூதாட்ட விடுதிகளின் விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்குவதைப் பார்த்தபடி நின்றான். உள்ளே பல்மிரா எதையோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். பையில் தொலைபேசி அதிர்ந்தது. அம்மா குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பின்னணியில் வெள்ளிப் பாத்திரங்களை அலமாரியில் திருப்பி அடுக்கும் சத்தம் கேட்டது.

“டேய், நல்லா பேசினேனாடா? நடுவுல நீ வேற எதையோ சொல்லி என்னைக் குழப்பினியே, நான் விட்டேனா பாரு. அந்தம்மா மூஞ்சியப் பாத்தேன், நம்பிட்டாங்க. அப்ப வேலை உறுதிதானே? மாடி வீட்டுக்காரிகிட்ட சொல்லிடவா?”

எவரிஸ்டோ அதை இரண்டு தரம் கேட்டான். பிறகு தொலைபேசியை வாய்க்குக் கிட்டே கொண்டுபோய், “ரொம்ப நல்லா பேசினம்மா” என்றான். “உறுதிதான். முடிவாயிருச்சு. மத்ததெல்லாம் நேர்ல வந்து சொல்றேன்.”