குட்டைத் தோட்டா

காலையில் வண்டிகள் கிளம்புமுன் எல்லோரும் மணல் பீப்பாயின் முன்னால் வரிசையில் நின்றார்கள். ஏரிக்காற்று கொட்டகைக் கதவின் இடுக்கில் நுழைந்து காதை அறுத்தது. டொலீடோவில் அக்டோபர் பிறந்துவிட்டால் இப்படித்தான். பணவண்டிக் காவலர்கள் ஒவ்வொருவராக முன்னே போய், பிஸ்டலின் வாயைப் பீப்பாய் மணலை நோக்கிச் சாய்த்து, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைப் பிடிக்குள் செருகி, மேல்மூடியான ஸ்லைடைப் பின்னால் இழுத்து விட வேண்டும். மேகசினின் தலையில் இருக்கும் தோட்டா ஏறிக் குழலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். மாலையில் திரும்பியதும் இதே பீப்பாய், இதே வரிசை, வேலை மட்டும் தலைகீழ். குழலுக்குள் இருப்பதை வெளியே எடுத்து, மேகசினின் தலையில் திரும்ப வைத்து, இரும்பு அலமாரியில் பூட்ட வேண்டும். ஒரு தோட்டா குறைந்தாலும் அன்றைக்கு யாரும் வீட்டுக்குப் போக முடியாது.

ரோண்டா கெஸ்லர் ஸ்லைடை இழுத்து விட்டாள். அது முக்கால் தூரம் வந்து நின்றுகொண்டது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் பின்னாலிருந்து ஒரு தட்டுத் தட்டினாள். 'டக்'கென்று மூடிக்கொண்டது.

"தினம் ஒரு அடி வாங்காம அது வேலைக்குக் கெளம்பாது போல," என்றான் பின்னால் நின்ற ராய்ஸ். அவளோடு ஒரே வண்டியில் போகிறவன்.

"உன்னையும் உன் பொண்டாட்டி அப்படித்தானேப்பா அனுப்பி வைக்கறா."

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அவர்களில் பலரும் தட்டித்தான் மூடினார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகவே படவில்லை.

வசந்தத்தில்தான் இந்தப் புதுப் பிஸ்டல்கள் வந்தன. பழசெல்லாம் கனம், பெரிசு, காலாவதியாகிவிட்டது என்று கம்பெனி வாங்கி வைத்துக்கொண்டு, உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தச் சின்னதைக் கொடுத்தது. இடுப்பில் உறுத்தாது, கம்பெனிக்கும் மலிவு. புது இயந்திரம் எதுவானாலும் கொஞ்ச நாள் ஓடிப் பழக வேண்டும். அதற்கு ஆளுக்கு நாலு பெட்டித் தோட்டாவாவது சுட்டுத் தீர்க்க வேண்டும். கம்பெனி ஒரு பெட்டிகூடத் தரவில்லை. மேகசின் நிரம்பும் அளவுக்குக் கொடுத்ததோடு சரி.

ரோண்டா பத்து வருஷத்துக்கு மேலாக இந்த வண்டியில் போகிறாள். சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். குழலிலிருந்து எடுத்த தோட்டா மேகசினின் தலைக்குத்தான் திரும்பிப் போக வேண்டும் என்று சட்டம் சொன்னால், அவளிடம் அது தலைக்குத்தான் போகும். ராய்ஸ் அப்படியில்லை. மாலையில் எல்லாவற்றையும் தொப்பிக்குள் உதிர்த்து எண்ணிக் காட்டிவிட்டு, கைக்கு வந்ததை வந்தபடி திணிப்பான். அதற்காக மேற்பார்வையாளர் ஹாஸ்கலிடம் மாதம் ஒருமுறை வசை வாங்குவான்.

வருடாந்திரத் தேர்வு அந்த வாரம் வந்தது. கொட்டகைக்குப் பின்னால் கான்கிரீட் சுவர் எழுப்பிய நீளமான அறையில் சுட வேண்டும். இடுப்பில் சுமந்த தோட்டாக்களைத் தகரத் தட்டில் கொட்டி, மறுபடி மேகசினில் நிரப்பி, முதலில் அவற்றைச் சுட்டுத் தீர்க்க வேண்டும். அதன் பிறகுதான் புதியவை கிடைக்கும். பழசை வீணாக்கக் கூடாது என்பது கம்பெனியின் சிக்கனம்.

ரோண்டா நன்றாகச் சுடுகிறவள். முதல் மூன்று குண்டும் அட்டை மனிதனின் நெஞ்சில் ஒரே இடத்தில் விழுந்தன. நான்காவதற்குச் சுண்டும்போது விசை செத்துக் கிடந்தது. ஸ்லைடு பாதியில் நின்றிருந்தது. தோட்டா மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு குழலின் வாசற்படியில் முட்டி மாட்டியிருந்தது. அதை உதறிக் கீழே தள்ளிவிட்டு மற்றதைச் சுட்டாள். ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு என்பதால், கீழே விழுந்ததைக் குனிந்து எடுத்து அடுத்த சுற்றில் நிரப்பிக்கொண்டாள். அந்தச் சுற்றிலும் மாட்டியது.

"நிறுத்து," என்றார் ஹாஸ்கல். காது மூடியைக் கழற்றிக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டார். "ரெண்டு தடவை மாட்டிச்சு. அவ்வளவுதான்."

"சார், நான் ஒழுங்காத்தான் பிடிச்சேன்."

"மணிக்கட்டு தொங்குது ரோண்டா. பிஸ்டல் உதைக்கறப்ப கை தளர்ந்து போச்சுன்னா ஸ்லைடுக்கு வேகம் பத்தாது. தோட்டா பாதி வழியில நின்னுடும். சின்னப் பிஸ்டல்ல இன்னும் மோசம். அடுத்த வாரம் இன்னொரு தடவை தரேன். அதான் கடைசி."

"மார்வினுக்கும் மணிக்கட்டுதான்னு சொன்னீங்க."

ஹாஸ்கல் தாளில் அவள் பெயருக்கு எதிரே குறித்துக்கொண்டார். மார்வின் இந்த வேலைக்கு வருமுன் பீர் பீப்பாய்களைத் தோளில் சுமந்து மாடி ஏற்றியவன். அவன் மணிக்கட்டு ரோண்டாவின் முழங்கால் பருமன் இருக்கும். ஆகஸ்டில் தேர்வில் தவறியவன் இப்போது லாரி நிறுத்துமிடத்து வாசலில், கையில் டார்ச் விளக்கோடு, தினக்கூலிக்கு நிற்கிறான்.

சுடாமல் மிஞ்சியவற்றை மேகசினில் திரும்ப நிரப்பினாள். மாட்டிய தோட்டாவையும் துடைத்து மேலே வைத்தாள். குறைந்ததற்கு ஈடாகப் புதியவற்றை ஹாஸ்கல் கொடுத்தார்.

வீட்டில் ஆக்சிஜன் இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து கிளம்பிய குழாய் கம்பளத்தின் மேல் நெளிந்து, சோபாவில் இருந்த கணவன் வெண்டலின் மூக்கில் முடிந்தது. வெண்டல் இரும்பு வார்ப்பாலையில் இருபது வயதிலிருந்து அச்சு மணலைச் சலித்தவன். அந்தத் தூசு அவன் நுரையீரலில் இறங்கிக் கல்லாகிவிட்டது. ஆலையை மூடி முதலாளிகள் எங்கேயோ போய்விட்டார்கள், தூசு மட்டும் இவனோடு தங்கிவிட்டது. இயந்திரத்துக்கும் மருந்துக்கும் ரோண்டாவின் கம்பெனிக் காப்பீடுதான் கட்டுகிறது. துப்பாக்கி சுமக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தக் காப்பீடு. டார்ச் விளக்குக்குக் கிடையாது.

அவள் குழாயைத் தாண்டிப் போய்ச் சூப்பைச் சூடாக்கினாள்.

"மூஞ்சி ஏன் இப்படி இருக்கு?" என்றான் வெண்டல்.

"பிஸ்டல் மாட்டிக்கிச்சு. அடுத்த வாரம் மறுபடி சுடணும்."

"உனக்கா மாட்டிச்சு?" அவன் மூச்சு வாங்கினான். "கல்யாணத்துக்கு முந்தி திருவிழாவுல சுட்டு சுட்டு, கரடி பொம்மையா அள்ளிட்டு வந்தவதானே நீ. கடைக்காரன் கையெடுத்துக் கும்பிட்டான்."

"அது காத்துத் துப்பாக்கி."

"மணிக்கட்டு அதேதானே?"

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு சூப்பைக் கலக்கினாள். அவனிடம் காப்பீட்டைப் பற்றிப் பேசவில்லை. பேசாவிட்டால் அவனுக்குத் தெரியாதா என்ன? அன்றைக்கு அவன் இயந்திரத்தின் அளவை ஒரு புள்ளி குறைத்து வைத்துக்கொண்டான். அவள் சோபாவின் பக்கம் வந்து அதைத் திரும்ப ஏற்றிவைத்தாள்.

மறுநாளிலிருந்து சாப்பாட்டு இடைவேளையில் ராய்ஸும் அவளும் சுடும் அறைக்குப் போனார்கள். சொந்தக் காசில் வாங்கிய தோட்டா என்றால் ஹாஸ்கல் தடுப்பதில்லை. பையிலிருந்த சாதாரணக் குண்டுப் பெட்டியை ராய்ஸ் பிரித்தான். கணக்கில் உள்ள கம்பெனித் தோட்டாக்களை அவள் வரிசை கலையாமல் எடுத்து ஓரமாக வைத்தாள்.

"மொதல்ல உன் மணிக்கட்டைப் பாத்துடுவோம் தாயே," என்று அவளுடைய பிஸ்டலை வாங்கி, வேண்டுமென்றே கையைத் துவள விட்டு, இரண்டு விரலால் பிடித்துச் சுட்டான். மாட்டவில்லை. மறுபடி சுட்டான். மாட்டவில்லை.

"உன்னைவிடத் துவண்ட கை இந்த ஊர்லயே கெடையாது. உனக்கே ஓடுதே!"

"அப்ப மேகசின்தான்," என்றான்.

அவளிடம் இருந்த இரண்டு மேகசின்களுக்கும் நகப்பூச்சால் ஒரு புள்ளி, இரண்டு புள்ளி என்று அடையாளம் வைத்தார்கள். மாற்றி மாற்றிப் போட்டார்கள். ஸ்பிரிங்கை அமுக்கிப் பார்த்தார்கள், மேகசின் வாயின் உதடுகள் வளைந்திருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். ராய்ஸின் மேகசினை அவள் பிஸ்டலிலும் அவளுடையதை அவன் பிஸ்டலிலும் போட்டுச் சுட்டார்கள். எல்லாம் ஓடின. வாசற்படியைத் துடைத்து எண்ணெய் தொட்டு வைத்தாள். எண்ணெய் இல்லாமலும் சுட்டுப் பார்த்தாள். பித்தளைக் கூடுகள் கான்கிரீட்டில் உருண்டு சுவரோரம் குவிந்தன. ஒன்றுகூட மாட்டவில்லை.

"என்னதான் இதுக்கு?"

"ஒண்ணும் இல்ல. புதுசா இருந்துச்சு, இப்ப பழகிடுச்சு," என்றான் ராய்ஸ், ரொட்டிக்குள் சாசேஜைத் திணித்துக்கொண்டே. "போ, அடுத்த வாரம் போய் அந்த அட்டை மனுஷனைக் கொன்னுட்டு வா."

அவளும் நம்பினாள். அந்த வாரம் முழுக்க அவளுக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. காலையில் மட்டும் ஸ்லைடு முக்காலில் நின்றது. தட்டினாள், மூடிக்கொண்டது.

இரண்டாம் தேர்வன்று ஹாஸ்கல் அவளுக்குப் பின்னால் கைகட்டி நின்றார். தட்டில் கொட்டினாள், நிரப்பினாள், மணிக்கட்டை இரும்பாக்கிக்கொண்டு சுட்டாள். ஒன்று, இரண்டு. மூன்றாவதற்கு ஸ்லைடு பாதியில் நின்றது.

அவள் ஸ்லைடை இழுத்தாள். உதறினாள். விழுந்ததை எடுத்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைச் சுட்டாள். எல்லாம் நெஞ்சில். விழுந்ததையும் சேர்த்து அடுத்த சுற்றை நிரப்பினாள், மறுபடி மாட்டியது. ஹாஸ்கல் காது மூடியைக் கழற்றினார். வெளியே போனார்.

ரோண்டா மாட்டிய தோட்டாவை மேசையின் மேல் நிற்க வைத்தாள். அதன் பக்கத்தில், சுடாமல் மிஞ்சியவற்றையும் ஒவ்வொன்றாக நிற்க வைத்தாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. எல்லாம் ஒரே உயரத்தில் நின்றன. மாட்டியது மட்டும் குட்டையாக இருந்தது. அதன் குண்டு பித்தளைக் கூட்டுக்குள் அமுங்கியிருந்தது, நகக்கண் அளவுக்கு. விளிம்பெல்லாம் கீறல்.

அவள் அதைப் பார்த்தபடி நின்றாள். வசந்தத்திலிருந்து ஒவ்வொரு காலையும் மேகசினின் தலையில் இருந்தது இதுதான். காலையில் ஏறி முட்டியதும் இது, மாலையில் இறங்கித் தலைக்குத் திரும்பியதும் இது. முக்காலில் நின்றபோதெல்லாம் அவள் உள்ளங்கையால் அறைந்து அறைந்து உள்ளே இறக்கியதும் இதைத்தான். இரண்டு தேர்விலும் சேர்த்து நான்கு தடவை மாட்டியதும் இதே ஒன்றுதான். ராய்ஸின் தொப்பியில் தோட்டாக்கள் கலந்துபோனதால் எந்த ஒன்றுக்கும் தினமும் அடி விழவில்லை. சட்டப்படி நடந்தவள் அவள்.

ஹாஸ்கலின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இரண்டு தோட்டாக்களை அவர் மேசையில் அருகருகே நிறுத்தினாள்.

"சார், பாருங்க. என் கை இல்ல. பிஸ்டலும் இல்ல. இது ஒண்ணுதான். தினம் இதையே ஏத்தி ஏத்தி இப்படி அமுங்கிப் போயிருக்கு. நாம எல்லாரும் அப்படித்தானே செய்யறோம், சட்டமே அதுதானே?"

ஹாஸ்கல் தோட்டாவைத் தொடவில்லை. குனிந்து பார்க்கவும் இல்லை.

"ஒரே ஒரு தடவை, புதுத் தோட்டா போட்டு சுட விடுங்க. உங்க கையாலயே நிரப்பிக் கொடுங்க."

"ரெண்டு தடவைதான் ரோண்டா. மேல சொல்லியாச்சு. திங்கக்கிழமை உன் எடத்துக்கு வேற ஆள் வரான்."

"வழியில எவனாவது வண்டியை மறிச்சிருந்தா? அப்பவும் இது இப்படித்தானே மாட்டியிருக்கும்? ராய்ஸ் பக்கத்துல இருந்திருப்பான் சார்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "நான் சொல்லாம இல்ல. மேல இருக்கறவங்களுக்கு மணிக்கட்டுதான் புரியுது."

"எங்க வீட்டுக்காரர் அந்த மெஷினாலதான் மூச்சு விடறார்."

"மாசக் கடைசி வரைக்கும் காப்பீடு இருக்கும்." குரல் தாழ்ந்திருந்தது. "லாரி வாசல்ல மார்வினோட நிக்க இன்னொரு ஆள் தேவைப்படுது. நான் சொல்லி வைக்கறேன். பெல்ட்டைக் கழட்டி வெச்சுடு."

அவள் பெல்ட்டைக் கழற்றினாள். தோலில் அவள் இடுப்பின் வளைவு பதிந்திருந்தது. மேசையில் வைத்தாள். குட்டைத் தோட்டாவை எடுக்கக் கை நீட்டினாள்.

"அது கம்பெனிப் பொருள்," என்றார் ஹாஸ்கல்.

அவர் மேசையின் இழுப்பறையைத் திறந்தார். இழுத்த வேகத்தில் உள்ளே கிடந்தவை உருண்டு முன்னால் வந்து மரத்தில் முட்டி நின்றன. எல்லாம் தோட்டாக்கள், ஒரு கைப்பிடி இருக்கும். ஒவ்வொன்றும் மூக்கு அமுங்கி, விளிம்பு கீறி, குட்டையாக இருந்தது. அவர் ரோண்டாவினுடையதை அவற்றோடு போட்டார். இழுப்பறையைத் தள்ளினார். அது முக்கால் தூரம் போய் நின்றுகொண்டது. உள்ளங்கையின் அடிப்பாகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். 'டக்'கென்று மூடிக்கொண்டது.